திரைச்சொல்லும் தொழிற்சொல்லும்: மின்பகிர்மானப் பணியாளர்களுக்கான எண்ணிமத் திறன் பயிற்சி

ஆய்வுச் சுருக்கம்

மின்பகிர்மானத் துறையில் ஸ்மார்ட் மீட்டர், தொலைக் கட்டுப்பாட்டு அமைப்பு, கைப்பேசிச் செயலி ஆகியவை பரவலாகி வருகின்றன. இவற்றுக்கான பயிற்சி பெரும்பாலும் கருவியை இயக்கும் முறையைக் கற்பிப்பதாகவே திட்டமிடப்படுகிறது. ஆனால், திரையில் தோன்றும் சொல்லும் நிறமும், பணியாளர் தம் தொழிலில் ஏற்கெனவே பழகியுள்ள பொருளோடு முரண்படும் இடங்கள் பல உள்ளன. தமிழ்நாட்டு மின்பகிர்மானப் பணியை முன்வைத்து அம்முரண்களை இக்கட்டுரை விளக்குகிறது. திரையை நம்பியதாலும் திரை கைவிட்டதாலும் மின்தடை நேர்ந்த இரு அயல்நாட்டு நிகழ்வுகளின் துணைகொண்டு, எண்ணிமத் திறன் பயிற்சி பணியாளரின் தொழில்மொழியிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் கருத்தை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மின்பகிர்மானம், எண்ணிமத் திறன், தொழில்மொழி, லைன் கிளியர், ஸ்மார்ட் மீட்டர், கலைச்சொல்லாக்கம், பணியிடப் பாதுகாப்பு.

முன்னுரை

மின்கம்பத்தில் ஏறும் பணியாளர் கம்பியைத் தொடுவதற்கு முன் உறுதியாக அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்கம்பியில் மின்சாரம் இருக்கிறதா, இல்லையா என்பதே அது. துணை மின்நிலையத்திலிருந்து தொலைபேசியில் வரும் இசைவு, அங்குள்ள பதிவேட்டில் எழுதப்படும் எண், கம்பியில் வைத்துப் பார்க்கும் சோதனைக் கருவி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு ஆகியவற்றின் வழியே நெடுங்காலமாக அவர் இதனை அறிந்து வந்துள்ளார். இன்று இவற்றோடு ஒரு திரையும் சேர்ந்துள்ளது. அது அவர் கையிலுள்ள கைப்பேசியாக இருக்கலாம். பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு மையத்தின் கணினியாகவும் இருக்கலாம். அதில் தோன்றும் ஒரு சொல்லை அவர் எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பது உயிரோடு தொடர்புடையது.

இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மின்தாக்குதலால் உயிரிழப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்துப் பதிவுகள் காட்டுகின்றன. பொதுமக்களும் மின்பணியாளர்களும் இவ்வெண்ணிக்கையில் அடங்குவர். இப்பின்னணியில், எரிசக்தித் துறைக்குரிய எண்ணிமத் திறனைக் கணினி இயக்கும் திறன் என்று மட்டும் வரையறுப்பது போதாது. திரை தரும் செய்தியைப் பொருள்கொள்ளுதல், அதனை ஐயுறுதல், களத்தில் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் அத்திறனின் உள்ளடக்கமாகும். இம்மூன்றும் மொழியின் வழியே நிகழ்வன. ஆகவே இப்பொருள் பொறியியலுக்கு மட்டுமன்றித் தமிழ் ஆய்வுக்கும் உரியதாகிறது.

மின்பகிர்மானத்தில் எண்ணிம மாற்றம்

1957ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் உருவான தமிழ்நாடு மின்சார வாரியம், 2010இல் மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், மின் தொடரமைப்புக் கழகம் எனப் பிரிக்கப்பட்டது. 2024இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை ஆற்றல் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறுவனங்கள் அமைந்தன. நிறுவன அமைப்பில் நேர்ந்த இம்மாற்றங்களோடு தொழில்நுட்ப மாற்றமும் நடந்து வந்தது. ஒன்றிய அரசு 2008இல் தொடங்கிய மறுசீரமைக்கப்பட்ட விரைவு மின்வளர்ச்சி மற்றும் சீர்திருத்தத் திட்டத்தின்கீழ், 30,000க்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் நுகர்வோர் தரவும் மின்பாதை வரைபடமும் கணினிமயமாயின. பெருநகரங்களில் ஸ்காடா எனப்படும் தொலைக் கண்காணிப்பு மற்றும் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது.

2021இல் அறிவிக்கப்பட்ட மறுசீரமைக்கப்பட்ட பகிர்மானத் துறைத் திட்டம் இம்மாற்றத்தை வீடுகளின் வாயில்வரை கொண்டுவந்தது. 3,03,758 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டம் நாடு முழுவதும் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவதை இலக்காகக் கொண்டது. தமிழ்நாட்டில் சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாக ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. 2024இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகளை அமைக்க 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியது.

2021ஆம் ஆண்டுத் திட்டத்தின் அமைப்பு கருதத்தக்கது. அதன் முதற்பகுதி மீட்டர்களுக்கும் மின்பாதைக் கட்டமைப்புக்கும் உரியது. பயிற்சியும் திறன் மேம்பாடும் இரண்டாம் பகுதியில் இடம்பெறுகின்றன. பயிற்சியின் தேவை கொள்கை அளவில் ஏற்கப்பட்டுள்ளது என்பதற்கு இது சான்று. அப்பயிற்சியின் உள்ளடக்கம் எதுவாக இருக்க வேண்டும் என்பதே அடுத்த வினா.

மாறும் பணிகள்

எண்ணிம மாற்றம் எல்லாப் பணியாளரையும் ஒரே வகையில் பாதிப்பதில்லை. மூன்று பணிநிலைகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும்.

முதலாமவர் கணக்கீட்டாளர். இரு மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, மீட்டரின் எண்ணைப் பார்த்து அட்டையில் குறிப்பது அவர் பணி. ஸ்மார்ட் மீட்டர் அரைமணி நேரத்திற்கு ஒருமுறை நுகர்வைப் பதிவு செய்வதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 48 பதிவுகளும் அறுபது நாட்களுக்கு 2,880 பதிவுகளும் கிடைக்கும். அவர் குறித்த ஓர் எண்ணின் இடத்தில் ஆயிரக்கணக்கான எண்கள் வந்துவிடுகின்றன. எண்ணைக் குறிக்கும் வேலையோ இல்லாமற்போகிறது. ஆனால் கணக்கீட்டாளர் எண்ணை மட்டும் குறித்துச் செல்பவரல்லர். மூடல் உடைந்த மீட்டரையும், பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஓடும் மீட்டரையும், வீட்டு இணைப்பில் நடக்கும் கடையையும் அவர் தம் பகுதியில் கண்டறிந்தவர். மீட்டர் அனுப்பும் நிகழ்வுப் பதிவுகளில் மூடி திறப்பு, காந்தக் குறுக்கீடு, மின்னோட்டத் தலைகீழ் மாற்றம் ஆகியவை குறியீடுகளாக வருகின்றன. அக்குறியீட்டுக்குப் பின்னால் உண்மையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பதற்கு, அத்தெருவை அறிந்தவரின் அறிவு வேண்டும். இவரைப் பணியிலிருந்து விலக்கிவிட்டுத் தரவை மட்டும் வைத்துக்கொள்வது இழப்பாகும். இவரைத் தரவுச் சரிபார்ப்பாளராகப் பயிற்றுவிப்பதே பொருத்தமானது.

பில் கட்டாத வீட்டில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குதல் என்பது மக்கள் அனைவரும் அறிந்த தொடர். ஸ்மார்ட் மீட்டரில் அச்செயல் தொலைவிலிருந்து ஒரு கட்டளையாக நிகழும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, கட்டண நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுமையான 15 நாள் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. முன்கட்டண முறையில் இருப்பு தீர்ந்தால் என்ன நேரும், மீண்டும் இணைப்புப் பெறுவது எவ்வாறு என்பனவற்றை நுகர்வோருக்கு அவர் மொழியில் விளக்கும் திறனும் வணிகப் பிரிவுப் பணியாளருக்குரிய எண்ணிமத் திறனே.

இரண்டாமவர் களப்பணியாளர். மின்சாரம் துணை மின்நிலையத்திலிருந்து மின்மாற்றி வழியாக வீட்டுக்குப் பாயும் ஒருவழி ஓட்டம் என்பது அவர் கற்ற அடிப்படை. மேலே நிறுத்தினால் கீழே இராது என்னும் உறுதியில் அவர் வேலை செய்தார். கூரைச் சூரிய மின்சாரம் இவ்வுறுதியைத் தளர்த்துகிறது. வலையமைப்போடு இணையும் இன்வெர்ட்டர், வலையமைப்பில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. எனினும் இணைப்புப் பிழையுள்ள இன்வெர்ட்டரோ, மாற்றுச் சுவிட்ச் இன்றி இணைக்கப்பட்ட ஜெனரேட்டரோ கீழிருந்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். அது மின்மாற்றி வழியே எதிர்த்திசையில் செல்லும்போது 11,000 வோல்ட் பாதையிலும் உயர் அழுத்தமாக வெளிப்படும். மேற்பகுதியில் பிரேக்கர் பிரிந்திருப்பதைத் திரை சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும். கம்பியில் மின்சாரம் இருக்கும்.

மூன்றாமவர் துணை மின்நிலைய இயக்குபவர். அவர் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் அறிந்த நிலைகளை இனித் தொலைவிலுள்ள மையம் திரையில் காணும். தகவல்தொடர்பு அறுந்தால் பல அமைப்புகளில் கடைசியாக வந்த அளவே திரையில் நிலைத்து நிற்கும். அது பழைய தரவு என்பதை ஒரு சிறு குறியோ நிறமாற்றமோ உணர்த்தும். அக்குறியைப் படிக்கத் தெரியாதவருக்குப் பத்து நிமிடத்திற்கு முந்தைய நிலை இப்போதைய நிலையாகத் தோன்றும்.

திரையின் சொல்லும் தொழிலின் சொல்லும்

மேற்கண்ட மூன்று பணிநிலைகளிலும் பொதுவாக உள்ள இடர், பொருள்கோடலில் நேரும் பிழையாகும். அதனைச் சில சொற்களைக் கொண்டு காணலாம்.

‘ஓப்பன்’, ‘குளோஸ்’ என்னும் இணை முதலில் நோக்கத்தக்கது. மின்தொழிலில் பிரேக்கர் ஓப்பன் என்றால் சுற்று பிரிந்தது, மின்சாரம் பாயாது என்று பொருள். குளோஸ் என்றால் சுற்று இணைந்தது, மின்சாரம் பாயும் என்று பொருள். புகார்களையும் பணிகளையும் பதிவுசெய்யும் செயலிகளில் ஓப்பன் என்பது முடிவுறாத பணியையும், குளோஸ் என்பது முடிந்த பணியையும் குறிக்கும். தமிழின் அன்றாட வழக்கு மூன்றாவதாக ஒரு பொருளைச் சேர்க்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். இப்பழக்கத்தோடு வரும் ஒருவருக்கு ‘பிரேக்கர் திறந்துள்ளது’ என்னும் நேர்மொழிபெயர்ப்பு, மின்சாரம் பாய்கிறது என்னும் எதிர்ப்பொருளைத் தந்துவிடும். ஆகவே இவ்விடத்தில் திற, மூடு என்னும் வினைகளைத் தவிர்த்துப் பிரி, இணை என்னும் வினைகளைக் கையாள்வதே பாதுகாப்பானது. களத்தில் வழங்கும் ‘ஆஃப்’, ‘ஆன்’ என்னும் சொற்களும் இக்குழப்பத்திற்கு இடந்தராதவை.

‘சார்ஜ்’ என்னும் சொல் அடுத்தது. பாதையைச் சார்ஜ் செய்தல் என்றால் அதில் மின்சாரம் செலுத்துதல் என்பது மின்பணியாளர் வழக்கு. கைப்பேசியின் மின்கலத்தை நிரப்புதலும், கட்டணமும் அதே சொல்லால் குறிக்கப்படுகின்றன. பேச்சில் சூழல் பொருளை உணர்த்திவிடும். ஒற்றைச் சொல்லாக அறிவிப்பு வரும் திரையில் அச்சூழல் இல்லை.

‘லைன் கிளியர்’ என்பது இவற்றினும் நுட்பமானது. பாதையில் வேலை செய்வதற்குத் துணை மின்நிலையம் தரும் முறையான இசைவு இது. இரயில்வேயிலும் இத்தொடர் வழங்குகிறது. அங்கே அது வண்டி அடுத்த பகுதிக்குள் செல்வதற்கான இசைவைக் குறிக்கும். மின்பணியில் லைன் கிளியர் வாங்குதல், லைன் கிளியரைத் திரும்பக் கொடுத்தல் என்னும் இரு வினைத்தொடர்கள் உண்டு. வாங்கியபின் கம்பியில் ஆள் இருக்கிறார். திரும்பக் கொடுத்தபின் ஆள் இறங்கிவிட்டார். உயிரைக் காக்கும் வேறுபாடு முழுவதும் வினையில் உள்ளது. பெயர்த்தொடர் இரண்டிலும் ஒன்றே. பணியாளர் பேச்சில் வினை ஒருபோதும் விடுபடாது. சுருக்கம் கருதி வினையை நீக்கி, பெயர்த்தொடரோடு ஒரு நிறத்தை மட்டும் காட்டும் செயலி, தமிழ்த் தொடரமைப்பு தந்த பாதுகாப்பை இழக்கச் செய்கிறது.

நிறங்களும் இவ்வாறே முரண்படுகின்றன. துணை மின்நிலையப் பலகைகளில் பிரேக்கர் இணைந்திருப்பதைச் சிவப்பு விளக்கும் பிரிந்திருப்பதைப் பச்சை விளக்கும் காட்டும். சிவப்பு என்றால் மின்சாரம் உண்டு. பச்சை என்றால் இல்லை. பொதுப் பயன்பாட்டுச் செயலிகளில் பச்சை இயங்குநிலையையும் சிவப்பு நின்றநிலை அல்லது பிழையையும் குறிக்கின்றன. பலகையோடு பல்லாண்டு பழகிய முதியவரும், கைப்பேசியோடு வளர்ந்த இளையவரும் ஒரே திரையை எதிரெதிராகப் படிப்பதற்கு இங்கே வாய்ப்புண்டு. இளைஞர்களுக்கு எண்ணிமப் பயிற்சி தேவையில்லை என்னும் பொதுக்கருத்தும் இதனால் ஏற்கத்தக்கதன்று.

திரை கைவிட்ட இரு நிகழ்வுகள்

திரையைப் பொருள்கொள்வதில் நேரும் பிழையின் விளைவு எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு ஆவணப்படுத்தப்பட்ட இரு நிகழ்வுகள் சான்றாகின்றன. தமிழ்நாட்டுச் சூழலினும் வேறுபட்ட வலையமைப்புகளில் நிகழ்ந்தவை எனினும், பயிற்சி குறித்து அவை தரும் படிப்பினை பொதுவானது.

முதலாவது, 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவிலும் ஏறத்தாழ ஐந்து கோடி மக்களைப் பாதித்த மின்தடை. ஓஹையோ மாநில மின்நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், அன்று பிற்பகல் இரண்டேகால் மணியளவில் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வராததையே எல்லாம் சீராக இருப்பதன் அடையாளமாக இயக்குபவர்கள் கொண்டனர். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் அந்நிறுவனத்தின் உயர் அழுத்தப் பாதைகள் மூன்று மரங்களில் உரசித் துண்டிக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் நிலைமை மாறிவருவதைச் சுட்டின. திரை அமைதியாக இருந்ததால் அவ்வாய்மொழிச் செய்திகள் உரிய மதிப்பைப் பெறவில்லை. பின்னர், வட அமெரிக்க மின்நம்பக அமைப்பு, இயக்குபவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஐந்து நாட்களேனும் நெருக்கடிநிலைப் பயிற்சி, உண்மையை ஒத்த பாவனைச் சூழலில், தரப்பட வேண்டும் என்றது.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் உக்ரைனில் நிகழ்ந்த இணையத் தாக்குதல். மூன்று பகிர்மான நிறுவனங்களின் கணினிகளுக்குள், மின்னஞ்சல் இணைப்பு ஒன்றைத் திறக்கச் செய்ததன் வழியாகப் பல மாதங்களுக்கு முன்பே ஊடுருவியோர், அன்று இயக்குபவர்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து இயக்கிப் பிரேக்கர்களைப் பிரித்தனர். ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் மின்சாரத்தை இழந்தன. சில மணி நேரத்தில் மின்சாரம் மீண்டது. பணியாளர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் சென்று பிரேக்கர்களைக் கையால் இணைத்ததே அதற்குக் காரணம். ஊடுருவலுக்கு வழிவிட்டது எண்ணிமத் திறனில் இருந்த குறை. மீட்டுத்தந்தது பழைய கைத்திறன்.

முதல் நிகழ்வில் திரை மௌனமாகப் பொய்த்தது; இரண்டாம் நிகழ்வில் திரை பிறர் வசமாயிற்று. திரையை எப்போது ஐயுறுவது என்பதும், திரையின்றி எவ்வாறு பணிபுரிவது என்பதும் எண்ணிமப் பயிற்சியின் பாடங்களாக இருக்க வேண்டும் என இரண்டும் காட்டுகின்றன. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவை பணியாளர் பயிற்சியை வலியுறுத்துகின்றன. அப்பயிற்சி கம்பத்தடியில் நிற்பவருக்கும் புரியும் மொழியில் சென்றடைந்தாலன்றி அதன் பயன் அலுவலக அளவிலேயே நின்றுவிடும்.

தற்போதைய பயிற்சிக் கட்டமைப்பு

பயிற்சிக்கான நிறுவனங்கள் இல்லை என்று கூறுவதற்கில்லை. ஃபரிதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மின்சாரப் பயிற்சி நிறுவனத்தின் மையம் நெய்வேலியில் உள்ளது. அங்கு 1965ஆம் ஆண்டிலேயே அனல்மின் பணியாளர் பயிற்சி தொடங்கிவிட்டது. சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இயங்குகிறது. 2015இல் தொடங்கிய சூரியமித்ரா திட்டம் சூரிய மின்நிலையப் பணிகளுக்கு இளைஞர்களைப் பயிற்றுவித்தது. தொழிற்பயிற்சி நிலையங்களின் ஈராண்டு மின்பணியாளர் பாடப்பிரிவு, களப்பணிக்கு வருவோரின் முதன்மையான வாயிலாகும்.

மொழி நோக்கில் இக்கட்டமைப்பில் ஓர் இடைவெளி தென்படுகிறது. கிண்டியிலுள்ள தேசியப் பயிற்றுக்கருவி நிறுவனம் 1986இல் தொடங்கப்பட்டது. மின்பணியாளர் பிரிவுக்கான பாடநூல்களை அது தமிழிலும் வெளியிடுகிறது. எனவே அடிப்படைத் தொழிற்கல்வி தமிழில் உள்ளது. பணியில் சேர்ந்தபின் கைக்கு வரும் மீட்டர்க் கையேடு, செயலித் திரை, ஸ்காடா அறிவிப்பு ஆகியன பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் கற்று, கலப்புமொழியில் பேசி, ஆங்கிலத்தில் படித்துச் செயல்பட வேண்டிய நிலையில் பணியாளர் நிற்கிறார். உயர்கல்வியில் அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. பணியிடைப் பயிற்சிக்கு அத்தகைய மொழித் திட்டமிடல் தேவைப்படுகிறது.

மற்றோர் இடைவெளி பணியமைப்பைச் சார்ந்தது. ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்திப் பராமரிக்கும் பொறுப்பு, 2021ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி ஒப்பந்தம் பெறும் சேவை வழங்குநரைச் சாரும். அவர்தம் பணியாளர் பகிர்மான நிறுவனத்தின் பயிற்சிப் பட்டியலுக்கு வெளியே இருப்பர். ஒரே கம்பத்தில் நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தப் பணியாளரும் வேலை செய்யும்போது, இருவரும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் கொள்கின்றனர் என்பதற்கு உறுதியில்லை.

பயிற்சிக்கான கூறுகள்

மேற்கண்ட விளக்கங்களின் அடிப்படையில் எண்ணிமத் திறன் பயிற்சிக்குரிய ஐந்து கூறுகளை முன்வைக்கலாம்.

முதலாவது, தொழிற்சொல் தொகுப்பு. பயிற்சி தொடங்கும் முன், அப்பணியாளர் குழுவில் வழங்கும் சொற்களைத் திரட்டி, திரைச்சொற்களோடு ஒப்பிட்டு, முரண்படுவனவற்றைத் தனியே பட்டியலிட வேண்டும். முதல் வகுப்பு அப்பட்டியலாக அமையலாம். பைக்காரா, மேட்டூர் புனல்மின் திட்டங்கள் தொடங்கிய 1930களிலிருந்து மின்தொழிலோடு வளர்ந்துவந்துள்ள இச்சொற்கள் வட்டாரந்தோறும் வேறுபடக்கூடியவை.

இரண்டாவது, கலைச்சொல் குறித்த தெளிவு. 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் தொடங்கிய காலம்தொட்டுத் தமிழில் சொல்லாக்க முயற்சி தொடர்கிறது. இன்று சொற்குவை போன்ற இணையத் தொகுப்புகள் உள்ளன. மின்மாற்றி, மின்தடை போன்ற ஆக்கச்சொற்கள் வழக்கில் நிலைபெற்றுவிட்டன. ஆயினும் இடர்மிகு செயல்முறைகளில் நாவில் பழகிய சொல்லை மாற்றுவது ஆபத்தானது. லைன் கிளியர் என்பதற்குப் புதிய சொல் பாடநூலில் இடம்பெறலாம். கம்பத்திலிருந்து பேசும்போது பழகிய சொல்லே வர வேண்டும். இயற்சொல்லோடு திசைச்சொல்லையும் வடசொல்லையும் சொல்வகைகளாக ஏற்ற தொல்காப்பிய மரபு, இவ்வணுகுமுறைக்கு அயலானதன்று.

மூன்றாவது, திரை பொய்க்கும் பயிற்சி. பழைய தரவு நிலைத்து நிற்கும் திரை, எச்சரிக்கை வராத திரை, பிரேக்கர் பிரிந்தும் கம்பியில் மின்சாரமுள்ள நிலை ஆகியவற்றைப் பயிற்சிக் களத்தில் வேண்டுமென்றே உருவாக்க வேண்டும். திரை எதைக் காட்டினாலும் சோதனைக் கருவியால் பார்த்து, எர்த் ராடு இட்ட பின்னரே கம்பியைத் தொடுவது என்னும் பழைய ஒழுங்கு, எண்ணிமப் பயிற்சியின் முடிவில் மேலும் உறுதிப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, மூத்த பணியாளரைப் பயிற்றுநராக்குதல். மென்பொருளை விளக்கத் தொழில்நுட்பரும், அதன் செய்தி களத்தில் எதைக் குறிக்கும் என்று விளக்க அனுபவமிக்க லைன்மேனும் ஒரே வகுப்பில் நிற்க வேண்டும். கைப்பேசியைக் கையாளத் தயங்கும் மூத்தவர் அவ்வகுப்பில் கற்பவராகவும் கற்பிப்பவராகவும் இருப்பார். தம்மிலும் இளையோர்முன் அறியாதவராக நிற்க நேரும் கூச்சமும் அதனால் குறையும்.

ஐந்தாவது, மதிப்பீடு. ஆங்கிலத்தில் அமைந்த பலவுள் தெரிவு வினாக்கள் பணியாளரின் ஆங்கில அறிவையே பெரிதும் அளக்கும். ஒரு திரைப்படிமத்தைக் காட்டி, ‘இப்போது கம்பியைத் தொடலாமா, உமது அடுத்த செயல் என்ன’ என வினவி, விடையை வாய்மொழியாகவும் செய்கையாகவும் பெறுவது பொருத்தமான மதிப்பீடாகும். ஒப்பந்தப் பணியாளருக்கும் இதே மதிப்பீடு கட்டாயமாக்கப்பட வேண்டும். பயிற்சி நாட்கள் ஊதியத்துடன் கூடிய பணிநாட்களாகக் கருதப்பட வேண்டும்.

இப்பரிந்துரைகளுக்கு எதிராக ஒரு கருத்து எழக்கூடும். கருவிகள் பன்னாட்டுத் தரத்தில் அமைந்தவை, ஆங்கிலச் சொற்களைப் பணியாளர் கற்றுக்கொள்வதே எளிது என்பர். ஆங்கிலச் சொல்லைக் கற்பதில் தடையில்லை. லைன் கிளியரும் சார்ஜும் ஆங்கிலமே. அச்சொற்கள் தமிழ்த் தொடருக்குள் வந்து, தமிழ் வினையோடு சேர்ந்து, தொழிலுக்கே உரிய பொருளைப் பெற்றுவிட்டன. திரையில் அதே சொல் வேறு பொருளோடு வரும்போது, ஆங்கிலம் அறிந்தவருக்கும் குழப்பம் நேரும். மொழித் தூய்மை இங்குச் சிக்கலன்று. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் உறுதிப்பாடே தேவை.

முடிவுரை

தமிழ்நாட்டின் மின்பகிர்மானத்தில் எண்ணிமக் கருவிகள் பரவுவது தொடரும். அதனால் கணக்கீட்டாளர், களப்பணியாளர், துணை மின்நிலைய இயக்குபவர் ஆகியோரின் பணி மாறுகிறது. அவர்தம் முன்னறிவு பயனற்றதாகிவிடுவதில்லை. ஓப்பன், குளோஸ், சார்ஜ், லைன் கிளியர் ஆகிய சொற்களிலும், சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களிலும் திரைக்கும் தொழிலுக்கும் இடையே பொருள்முரண் உள்ளது. அதனைக் கண்டறிந்து களையாத பயிற்சி, கருவியை இயக்கக் கற்றுத்தந்தாலும் பாதுகாப்பைத் தராது. 2003, 2015ஆம் ஆண்டு நிகழ்வுகள், திரையை ஐயுறும் அறிவும் திரையின்றிச் செயல்படும் திறனும் எண்ணிமத் திறனின் பகுதிகளே என்பதை உணர்த்துகின்றன.

இத்துறையில் தமிழாய்வு ஆற்ற வேண்டிய பணி உள்ளது. மின்பணியாளரின் தொழில்மொழியை மாவட்டந்தோறும் களஆய்வின்வழித் தொகுத்தல், செயலிகளில் வழங்கும் தமிழ் அறிவிப்புகளின் பொருள்தெளிவை ஆராய்தல், பாதுகாப்பு அறிவிப்புகளில் வினைமுற்றின் இன்றியமையாமையை மொழியியல் அடிப்படையில் நிறுவுதல் ஆகியன உடனடியாக மேற்கொள்ளத்தக்கவை. உழவு, நெசவு, மீன்பிடிப்பு ஆகிய தொழில்களின் சொற்களைத் திரட்டிய தமிழ்த்துறைகள், இத்தொகுப்பை மின்பொறியியல் துறைகளோடு இணைந்து மேற்கொண்டால், அது அகராதியில் இடம்பெறுவதோடு கம்பத்தில் ஏறுபவரின் கைப்பேசித் திரைக்கும் சென்று சேரும்.